யாலரி உப்பு ஏரியில் ரூபி ஓடிய காலை

என் பெயர் ஐவி மே ரோவ். வயது ஐம்பத்து நான்கு. கணவர் ஸ்டீபன் ரோவ், காலமாகிவிட்டார். தெற்கு ஆஸ்திரேலியாவில் யாலரி ரயில் நிறுத்தத்துக்கு எதிரே இருக்கும் சாப்பாட்டு விடுதியை நான் நடத்தி வருகிறேன். எனக்கு எழுதப் படிக்கத் தெரியும். இந்த வாக்குமூலத்தை 1928ஆம் வருடம் மார்ச் மாதம் ஒரு புதன்கிழமை, யாலரி காவல் நிலையத்தில் கான்ஸ்டபிள் ப்ரௌஸிடம் கொடுக்கிறேன். காவல் நிலையம் என்பது அவர் வீட்டின் முன்னறைதான். வீட்டுக்குப் பின்னால் சாய்ப்பு இறக்கிய அறையில் ஹெக்டர் பாஸ்கோ என்பவனைப் பூட்டி வைத்திருக்கிறார்.

ஹெக்டர் பாஸ்கோ திங்கட்கிழமை காலை ஏரியில் தன் காரை மோட்டார் சங்கத்து நடுவர் திரு. லிட்கேட் மேல் வேண்டுமென்றே ஓட்டினான் என்பது புகார். அதில் சங்கத்துக்காக நேரம் குறிக்கும் கடிகாரக்காரர் திரு. ஃபிஞ்சுக்குத் தோள் எலும்பு முறிந்தது. ஹெக்டரும் ஆமாம், கோபத்தில் அப்படித்தான் செய்தேன் என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டிருக்கிறான். நாளை வியாழக்கிழமை ரயிலில் மாஜிஸ்திரேட் வருகிறார். அவரிடமும் இதையே சொன்னால் அவனுக்குச் சிறைதான். அவன் சொன்னது பொய். அந்தக் காரில் அவன் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்திருந்தது நான். திரு. லிட்கேட் கொடுத்த புகாரில் என்னைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. ஆகவே நானாகவே வந்தேன்.

ஹெக்டருக்கு வயது இருபத்து மூன்று. எனக்கும் அவனுக்கும் ரத்த உறவு கிடையாது. அவன் என் மகன் வில்ஃபின் கூட்டாளி. என் விடுதியின் பின்கொட்டகையில்தான் இருவரும் அந்தக் காரைக் கட்டினார்கள். போர்க்காலத்து விமானம் ஒன்றின் எஞ்சினை எங்கிருந்தோ கொண்டுவந்து போட்டு, அதைச் சுற்றிக் காரைச் செய்தார்கள். அதன் பானெட் என் சாப்பாட்டு மேசையைவிட நீளம். சிவப்புச் சாயம் அடித்து ரூபி என்று பெயர் வைத்தார்கள். ஹெக்டர் என்னை அத்தை என்று கூப்பிடுவான். மூன்று வருடமாக என் கையால் சாப்பிடுகிறான், அதை உறவு என்று எழுதலாமா என்று கேட்டேன். கூடாது என்று கான்ஸ்டபிள் சொன்னார்.

அவனுடைய முன் நடத்தை பற்றிக் கேட்டதற்குச் சொல்கிறேன். அவன் வேகமாக ஓட்டுபவன்தான், நான் மறைக்கவில்லை. போன வருடம் பழைய கார் ஒன்றில் தபால் ரயிலோடு போட்டி போட்டு ஓட்டினான். பாதி வழியில் ரயில் கார்டின் தொப்பி காற்றில் பறந்து விழுந்தது. ஹெக்டர் காரை நிறுத்தித் தொப்பியை எடுத்துக்கொண்டு, மறுபடி ஓட்டி, ரயில் வருமுன்னே அடுத்த நிறுத்தத்தில் நின்று அதை கார்டிடம் நீட்டினான். வெள்ளத்தில் சாலை அறுந்தபோது, ஆட்டுக்கு ரோமம் வெட்டும் ஆட்களுக்கு ரொட்டி கொண்டுபோக ரயில் பாலத்துக் கட்டைகள் மேலேயே காரை ஓட்டினான். ரொட்டி போய்ச் சேர்ந்தது. கூடப் போன வில்ஃபுக்கு ஒரு வாரம் பல் வலித்தது. புத்தாண்டன்று இந்தத் தெரு முழுவதும் காரைப் பின்பக்கமாகவே ஓட்டிக்கொண்டு போய் கான்ஸ்டபிளுக்கு வணக்கம் வைத்தான். இது வழக்குக்கு வேண்டாமே என்று கான்ஸ்டபிள் சொன்னார். நான் எழுதச் சொன்னேன். இத்தனையிலும் அவன் காரில் ஒரு கோழிகூட அடிபட்டதில்லை.

ஏரியைப் பற்றிக் கான்ஸ்டபிளுக்குச் சொல்ல வேண்டியதில்லை, மாஜிஸ்திரேட்டுக்காகச் சொல்கிறேன். அதில் தண்ணீர் கிடையாது. கண்ணுக்கு எட்டியவரை உப்பு. மழை பெய்துவிட்டால் அடுத்த கோடை வரை அதன் மேல் கால் வைக்க முடியாது. காய்ந்தால் தரை போல் இறுகிவிடும். ஆனால் வெயில் ஏறியதும் கானல் எழும்பும். கொடி நட்டால் கொடி அந்தரத்தில் தொங்கும். ஒரு தகரம் வைத்தால் மூன்றாகத் தெரியும். அதனால் இங்கே ஓட்டுபவர்கள் கொடியை நம்புவதில்லை, புகையை நம்புகிறார்கள். வடக்குக் கோடியில் பழைய டயர்களைக் குவித்துக் கொளுத்திவிட்டு, தெற்குக் கோடியிலிருந்து அந்தக் கறுப்புப் புகைக்கு நேராக ஓட்டுவார்கள். கானலுக்கு மேலே தலை காட்டுவது அது ஒன்றுதான். ஓடும் பாதையின் நடுவில் ஒரு மைல் அளந்து, அதன் இரண்டு முனைகளிலும் பாதையை விட்டு வலப்பக்கம் தள்ளி ஒவ்வொரு கூடாரம் போட்டு, கடிகாரத்தோடு ஆட்கள் இருப்பார்கள். ரூபியின் வேகத்தை அளக்கச் சங்கத்திலிருந்து வந்து இரண்டாவது கூடாரத்தில் இருந்தவர்கள் திரு. லிட்கேட்டும் திரு. ஃபிஞ்சும்.

அந்தக் கூடாரத்துக்கு எதிர்ப்பக்கம், பாதைக்கு இடதுபுறம், ஓரிடத்தில் உப்பு மெல்லிய தோலாகத்தான் இருக்கும், அடியில் சேறு. அங்கே யாரும் போய்விடக் கூடாது என்று ஹெக்டரே காலி மண்ணெண்ணெய்த் தகரங்களை வரிசையாக வைத்திருந்தான். இதைத் தனியாகக் குறித்துக்கொள்ளும்படி கேட்கிறேன்.

ஓட்டத்துக்கு முன் இரண்டு வாரமாக ஹெக்டர் பாதையைச் சமன் செய்தான். தண்டவாளத் துண்டு ஒன்றைப் பழைய காரின் பின்னால் கட்டி, விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை இழுத்தான். கடைசி நாட்களில் அவனுடைய கறுப்புக் கண்ணாடி உடைந்துபோனது. வேறு கண்ணாடி ரயிலில் வர வேண்டும். மேகம் கூடிக்கொண்டு வந்ததால் அவன் காத்திருக்கவில்லை, வெறும் கண்ணோடு வேலை செய்தான். அந்த வெள்ளையில் அப்படிச் செய்தால் கண் வெந்துபோகும். மணலை அள்ளிப் போட்டு இமையை மூடியது போல எரியும், பார்வை மங்கும். இருட்டறையில் படுத்தால் இரண்டு மூன்று நாளில் தானாகச் சரியாகிவிடும். இந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் ஒரு தடவையாவது வந்திருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை மாலை என் விடுதியில் நடந்ததைச் சண்டை என்று திரு. லிட்கேட் சொல்லியிருக்கிறார். பரிமாறியது நான், முழுவதும் கேட்டேன். அன்று மத்தியானம் ரேடியேட்டர் மூடியைத் திறந்தபோது கொதிநீர் பட்டு வில்ஃபின் கை வெந்துபோயிருந்தது. காரில் இரண்டாவது ஆள் இல்லாமல் ஓட அனுமதிக்க முடியாது, சங்கத்தின் விதி அது, வியாழக்கிழமை ரயிலில் நாங்கள் கிளம்பிவிடுவோம், இந்தத் தகரப் பெட்டியை அடுத்த வருடம் பார்த்துக்கொள் என்று திரு. லிட்கேட் சொன்னார். தகரப் பெட்டி என்றதும் ஹெக்டர் நிமிர்ந்து, "ஆள் நான் கொண்டு வர்றேன் சார். நீங்க உங்க கடிகாரத்தைத் தொடச்சு வைங்க. ரூபி போறப்ப தூங்கிடாதீங்க" என்று சொன்னான். எல்லோரும் சிரித்தார்கள், திரு. லிட்கேட் மட்டும் சிரிக்கவில்லை. நடந்தது இவ்வளவுதான். அதன் பிறகு ஹெக்டர் இரண்டு தட்டுப் புட்டிங் சாப்பிட்டான். ஒருவனைக் கொல்ல நினைப்பவன் இரண்டாவது தட்டுக் கேட்பானா என்று எனக்குத் தெரியவில்லை.

திங்கட்கிழமை காலை ஹெக்டர் சமையலறைக்கு வந்து உட்கார்ந்தான். தேநீர்ப் பாத்திரத்தை எடுத்துக் கோப்பைக்குப் பக்கத்தில் மேசைவிரிப்பில் ஊற்றினான். ஊற்றிக்கொண்டே இருந்தான். நான் வாணலியை எடுத்து அவன் மூக்குக்கு நேரே அடிப்பது போல் ஓங்கினேன். அவன் இமை அசையவில்லை. கிட்டப் போய்ப் பார்த்தால் இரண்டு கண்ணும் பச்சை இறைச்சி நிறத்தில் இருந்தன. வில்ஃபிடம் சொல்லக் கூடாது, அவன் வாயில் எதுவும் நிற்காது என்று முதலில் அதைத்தான் சொன்னான். நிழலும் வெளிச்சமும் தெரிகிறது, அது போதும் என்றான். முட்டை பொரிக்கவே அது போதாது என்று நான் சொன்னேன். வியாழக்கிழமை அவர்கள் போய்விடுவார்கள், மழை இறங்கிவிட்டால் ஏரியும் போய்விடும், மூன்று வருடம் கொட்டகையில் கிடந்தது இந்த ஒரு காலைக்காகத்தான் என்று அவன் சொன்னான். அவன் கெஞ்சுகிறவன் அல்ல. அன்று கெஞ்சினான்.

அதன் பிறகு என் கையைத் தேடிப் பிடித்து, "நீங்க ஏறுங்க அத்தை. கண்ணு உங்களோடதா இருக்கட்டும், கை என்னோடது" என்று சொன்னான்.

நான் சரி என்று சொன்னேன். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. இதைச் சொன்னால் என் மேலும் வழக்கு வரலாம் என்று கான்ஸ்டபிள் எச்சரித்தார். வரட்டும் என்றேன். எனக்கு ஆசையாக இருந்தது என்பதையும் எழுத வேண்டும். மூன்று வருடமாக அந்த எஞ்சின் என் கோப்பைகளை அலமாரியில் ஆட வைத்துக்கொண்டிருந்தது. ஒரு தடவையாவது அதன் முதுகில் ஏறிப் பார்க்க வேண்டும் என்று நான் யாரிடமும் சொல்லாமல் நினைத்திருந்தேன்.

அதன் பிறகு நான் வில்ஃபின் வேலை உடுப்பைப் போட்டுக்கொண்டு, தோல் தொப்பிக்குள் முடியைத் திணித்துக்கொண்டு, வில்ஃபின் தூசிக் கண்ணாடியை மாட்டிக்கொண்டேன். அந்தக் கண்ணாடியை ஹெக்டருக்குத்தான் கொடுத்தேன், இனி இருந்தாலும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான் என்று திருப்பிக் கொடுத்துவிட்டான். அம்மா ஏறப்போகிறாள் என்றதும் வில்ஃப் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். கண் விஷயம் அவனுக்குத் தெரியாது, நான் ஆளில்லாக் குறைக்கு ஏறுகிறேன் என்றுதான் நினைத்தான். திரு. லிட்கேட் தூரத்திலிருந்து இரண்டு தொப்பிகளை எண்ணிப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். தொப்பிக்குள் யார் என்று அவர் கேட்கவில்லை.

விடியற்காலையிலேயே ஓடியிருந்தால் கானலே இருந்திருக்காது. உப்பு பனியில் ஈரமாக இருக்கிறது, காயட்டும் என்று திரு. லிட்கேட் நிறுத்திவைத்தார். அது அவர் உரிமை. ஆனால் அவர் இருமுறை முட்டை கேட்டுச் சாப்பிட்டுவிட்டுத்தான் கிளம்பினார் என்பதும் உண்மை. அவர்கள் கூடாரத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது வெயில் நன்றாக ஏறிவிட்டது. எங்களுக்கு முன்னால் உப்பு முழுவதும் தண்ணீராகிவிட்டது. அதாவது தண்ணீர் போலத் தெரிந்தது.

தயார் என்பதற்கு அடையாளமாக இரண்டாவது கூடாரத்திலிருந்து முகம் பார்க்கும் கண்ணாடியை வெயிலில் காட்டி மின்னவைப்பார்கள். பதினொரு மணிக்கு மின்னியது. வழக்கமாக ரூபியின் எஞ்சினைக் கிளப்ப வேண்டுமென்றால் கால் மணி நேரமாவது தள்ளி, இழுத்து, திட்டித் தீர்க்க வேண்டும். அது சங்கத்துக்காரர்களுக்கும் தெரியும். அன்று பார்த்து முதல் தள்ளலிலேயே பிடித்துக்கொண்டது. இதையும் குறித்துக்கொள்ள வேண்டும், ஏனென்றால் மற்றதெல்லாம் இதிலிருந்து வந்ததுதான்.

காரில் பேசிக்கொள்ள விமானத்தில் இருப்பது போல ஒரு ரப்பர்க் குழாய் வைத்திருந்தார்கள். என் சமையலறைப் புனல்கள் எங்கே காணாமல் போயின என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. குழாயின் முனை காதுக்குள் இருந்ததால், எஞ்சின் அத்தனை இரைச்சலிலும் ஹெக்டரின் குரல் என் தலைக்குள்ளிருந்தே வருவது போல் கேட்டது. நான் புகையைப் பார்த்து நேராக என்றும், கொஞ்சம் வலது என்றும், கொஞ்சம் இடது என்றும் சொன்னேன். என் சொல்லுக்கும் சக்கரத்துக்கும் நடுவில் இடைவெளியே இல்லை. நான் நினைத்தேன், கார் திரும்பியது.

வேகம் ஏறியபோது எனக்குப் பயமாக இருக்கும் என்று நினைத்திருந்தேன், இல்லை. முதலில் முதுகு இருக்கையோடு ஒட்டியது. அதன் பிறகு ஆட்டம் நின்றது. அதன் பிறகு கார் ஓடுவதே தெரியவில்லை. நாங்கள் ஒரே இடத்தில் உட்கார்ந்திருக்க, வெள்ளை எல்லாம் எங்களுக்கு அடியில் வழிந்து போய்க்கொண்டிருந்தது. மேலே எது கீழே எது என்று பிரிக்கும் கோடு எங்கேயும் இல்லை. மேற்கே இருக்கும் மலைகள் தரையை விட்டு எழும்பி, தலைகீழாகத் தங்கள் மேலேயே கவிழ்ந்து நின்றன. கரையோரத்து ஆடுகள் கால் நீண்டு, மரம் உயரத்துக்கு வளர்ந்து, காற்றில் நடந்தன. எனக்கு எதுவும் கனக்கவில்லை. நாளைக்கு ரொட்டிக்கு மாவு பிசைய வேண்டும் என்பதும், ஸ்டீபன் போன பிறகு நான் தனியாகப் படுக்கிறேன் என்பதும், ஐம்பத்து நான்கு வயது என்பதும் யாருக்கோ நடந்த விஷயங்களாக இருந்தன.

"என்ன தெரியுது அத்தை?" என்று தலைக்குள் குரல் கேட்டது.

பாதை நேராகத்தான் இருக்கிறது என்று சொன்னேன். அது எனக்கே தெரியும், வேறு என்ன தெரிகிறது என்று சொல்லுங்கள், எல்லாவற்றையும் சொல்லுங்கள் என்றான். அவன் கட்டிய கார், அவன் சமன் செய்த ஏரி, அதை அவன் பார்க்கவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஆகவே சொன்னேன். மலை தலைகீழாக நிற்பதைச் சொன்னேன். ஆடு பறப்பதைச் சொன்னேன். வானத்தில் ஒரு ஏரி இருக்கிறது, அதில் நம் ஊர் ரயில் நிறுத்தம் மிதக்கிறது என்று சொன்னேன். அவன் சிரித்தான். அந்தச் சிரிப்பு குழாய் வழியாக வந்து என் காதைக் கூசச் செய்தது.

அளந்த மைலுக்குள் நுழைந்த பிறகு வடக்குக் கோடிப் புகையும் கானல் தண்ணீருக்குள் முங்கியது. நான் அதைத் தேடினேன். கொஞ்சம் வலப்பக்கம் தள்ளி மறுபடி தெரிந்தது, முன்னைவிடக் கறுப்பாக, முன்னைவிடத் தடிமனாக. நான் வலது என்றேன். இன்னும் கொஞ்சம் வலது என்றேன். கார் அதற்கு நேராக வந்தது. அதன் பிறகு புகைக்குக் கீழே தண்ணீர் மேல் இரண்டு பேர் தெரிந்தார்கள். நாற்காலி போட்டு, கால் மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். கையில் குவளை இருந்தது. தலைகீழ் மலையையும் பறக்கிற ஆட்டையும் பார்த்துவிட்டு வந்த எனக்கு அதுவும் அவற்றில் ஒன்றாகத்தான் தோன்றியது.

"ரெண்டு பேர் தண்ணி மேல உக்காந்து டீ குடிக்கிறாங்க ஹெக்டர்" என்று சொன்னேன்.

"எனக்கும் ஒரு கப் சொல்லுங்க" என்றான்.

நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டிருக்கும்போதே ஒருவர் எழுந்து குவளையைத் தூக்கி எறிந்தார், குவளை காற்றில் மிதக்காமல் கீழே விழுந்தது. கானலில் எதுவும் விழாது. நான் இடது, இடது என்று கத்தினேன். ஹெக்டர் கேள்வி கேட்காமல் அந்தக் கணமே சக்கரத்தை முழுக்க இடப்பக்கம் ஒடித்தான். காரின் வால் சுழன்று கூடாரத்தைக் கிழித்துக்கொண்டு போனது. அதன் பிறகு பாதையைக் குறுக்கே கடந்து, தகர வரிசையை மோதிச் சிதறடித்து, சேற்றில் இறங்கி, அச்சு வரை புதைந்து நின்றது. எவ்வளவு வேகத்தில் வந்தோம் என்று யாருக்கும் தெரியாது. கடிகாரத்தை அமுக்க வேண்டியவர்கள் கையில் குவளை இருந்தது.

ஹெக்டர் முதலில் கேட்டது, யாராவது செத்துப்போனார்களா என்பதைத்தான். அதற்குப் பிறகுதான் எனக்கு அடிபட்டதா என்று கேட்டான். நான் இறங்கி ஓடினேன். திரு. ஃபிஞ்ச் கூடாரக் கம்பு பட்டு விழுந்து தோளைப் பிடித்துக்கொண்டு கிடந்தார். திரு. லிட்கேட்டுக்குக் கால்சட்டையில் தேநீர் கொட்டியதைத் தவிர ஒன்றுமில்லை. கூடாரத்துக்குப் பின்னால் தேநீர் கொதிக்கிற தகரப் பாத்திரம் இருந்தது. அதன் அடியில் எரிந்துகொண்டிருந்தது டயர்த் துண்டு. உப்பு ஏரியில் விறகு ஏது? பதினொரு மணி ஆகிவிட்டது, பதினொரு மணிக்குத் தேநீர் வேண்டும், எஞ்சின் கிளம்பக் கால் மணி நேரமாகும் என்று கண்ணாடியை மின்னவைத்துவிட்டு, கையில் கிடைத்ததைக் கொளுத்திப் பாத்திரத்தை ஏற்றியிருக்கிறார்கள். இந்த நாட்டில் யாரும் அதைத் தப்பு என்று சொல்லமாட்டார்கள். நானாக இருந்தாலும் பதினொரு மணிக்குப் பாத்திரத்தை ஏற்றியிருப்பேன். ஆனால் புகையைப் பார்த்து ஓட்டும் ஏரியில் இன்னொரு புகை போட்டார்கள்.

நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே திரு. லிட்கேட் பாத்திரத்தைக் கவிழ்த்து, நெருப்பின் மேல் காலால் உப்பைத் தள்ளி மூடினார். அப்போது என் தொப்பி கழன்று முடி வெளியே தெரிந்தது. அவர் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். நடுவர் கண் முன்னால் சமையல்காரி ஒருத்தி பந்தயக் காரில் ஏறினாள் என்று எழுதினால் சங்கத்தில் சிரிப்பார்கள். அதனால்தான் புகாரில் நான் இல்லை. இன்றைக்கும் அந்த இடத்தில் உப்பைக் கிளறினால் டயர்க் கம்பி கிடைக்கும். திரு. ஃபிஞ்சைத் தனியாகக் கேட்டாலும் சொல்வார். அவர் நல்லவர், திரு. லிட்கேட் இருக்கும்போது மட்டும் வாய் திறக்கமாட்டார்.

இன்னொன்று. வேண்டுமென்றே மோத வந்தவன் கடைசிக் கணத்தில் ஏன் திருப்புவான்? திருப்பியவனுக்குக் கண் தெரிந்திருந்தால், தானே தகரம் வைத்து அடைத்த சேற்றுக்குள் எதற்காகப் போவான்? மூன்று வருடம் கட்டிய காரை அங்கே கொண்டுபோய்ப் புதைக்கிறவன் உலகத்தில் இல்லை. அவனுக்குத் தகரமும் தெரியவில்லை, கூடாரமும் தெரியவில்லை, மனிதர்களும் தெரியவில்லை. அவனுக்குத் தெரிந்தது நான் சொன்னது மட்டும்.

இதை ஏன் அவனே சொல்லவில்லை என்று கான்ஸ்டபிள் கேட்டார். செவ்வாய்க்கிழமை அவர் வந்து விசாரித்தபோது ஹெக்டரின் கண் சிவந்திருந்ததைக் குடித்ததாலோ அழுததாலோ என்று நினைத்துக்கொண்டாராம். அன்று அவர் வருவதற்கு முன் ஹெக்டர் என்னைக் கொட்டகைக்குப் பின்னால் அழைத்துப்போனான். கோபத்தில் மோதினேன் என்று ஒத்துக்கொள்ளப் போகிறேன், கண் விஷயத்தை மட்டும் நீங்கள் சொல்லக் கூடாது என்றான். உனக்கென்ன பைத்தியமா என்று கேட்டேன்.

"ஜெயிலுக்குப் போனா திரும்பி வரலாம் அத்தை" என்று சொன்னான். "கண்ணு தெரியாம ஓட்டினவன்னு பேர் வந்துச்சுன்னா, சாகுற வரைக்கும் ஒருத்தனும் என்னை ஸ்டீரிங்கைத் தொட விடமாட்டான். அப்புறம் நான் என்ன செய்யறது, ஆடு மேய்க்கிறதா?"

அவன் சொன்னது சரிதான். சங்கம் கோபக்காரனை மன்னிக்கும். இதை மன்னிக்காது. அவனுடைய உரிமத்தைப் பிடுங்கிவிடுவார்கள், வேறு எந்தச் சங்கமும் கொடுக்காது. கண் இப்போது சரியாகிவிட்டது, இன்று காலை ஜன்னல் வழியாகப் பார்த்து என் உடுப்பில் மாவு ஒட்டியிருக்கிறது என்று சொன்னான். அது யாருக்கும் வேண்டியதில்லை. நேற்று ராத்திரி முழுக்க நான் இதையே புரட்டிப் பார்த்தேன். நான் வாயை மூடினால் அவன் சிறைக்குப் போவான், ஆனால் கார் ஓட்டும் பிழைப்பு மிஞ்சும். நான் வாயைத் திறந்தால் அவன் வீட்டுக்கு வருவான், இனி ஓட்டமாட்டான். எனக்கு அவன் வீட்டுக்கு வர வேண்டும். இதில் நான் என்னைப் பற்றியும்தான் நினைத்தேன், அதை மறுக்கவில்லை. கொல்லப் பார்த்தவன் என்று அவன் பெயர் எழுதப்படுவதை என்னால் பொறுக்க முடியவில்லை. நான் இடது என்றதும் அவன் திருப்பிய மாதிரி இதுவரை யாரும் என் பேச்சைக் கேட்டதில்லை.

நான் இதைச் சொல்ல ஆரம்பித்ததிலிருந்து பின்னறையில் அவன் நடந்துகொண்டே இருந்தான், காலடி இங்கே கேட்டது. வாணலியைப் பற்றிச் சொன்னபோது நடை நின்றுவிட்டது. இப்போது சுவரைத் தட்டினான்.

"அத்தை, போதும். வாயை மூடுங்க" என்று சொன்னான்.

கான்ஸ்டபிள் பேனாவைத் தாளிலிருந்து எடுத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார். எழுதுங்கள் என்றேன். திங்கட்கிழமை காலை ஹெக்டர் பாஸ்கோவுக்குக் கண் தெரியவில்லை, அது எனக்குத் தெரியும், திரு. லிட்கேட் அங்கே இருப்பது அவனுக்குத் தெரியாது, வலது என்று சொன்னது நான் என்று தனி வரியில் எழுதச் சொன்னேன். எழுதினார். அதன் பிறகு சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து சத்தம் வரவில்லை. தட்டினால்கூடப் பரவாயில்லை என்று இருந்தது.

எழுதியது முழுவதையும் கான்ஸ்டபிள் எனக்கு உரக்கப் படித்துக் காட்டினார், பின்னறைக்கும் கேட்டிருக்கும். நான் சொன்னபடியே இருக்கிறது. என் அறிவுக்கு எட்டியவரை இதில் பொய் ஒன்றும் இல்லை. இதைச் சொல்லும்படி யாரும் என்னை மிரட்டவில்லை, யாரும் ஆசை காட்டவில்லை. சொல்ல வேண்டாம் என்றுதான் ஒருவன் கெஞ்சினான்.

ஒப்பம்,
ஐவி மே ரோவ்